நடுவழியில் ஏறுகிறவள்

அம்மா பஸ் ஸ்டாண்டில் ஏற மாட்டாள். ஸ்டாண்டில் எல்லோரும் யோக்கியர்கள் என்பாள். வண்டி கிளம்பி, கூட்டம் சேர்ந்து, கண்டக்டருக்கு அலுப்புத் தட்டி, பயணிகளுக்கு இனி யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியம் வந்த பிறகு, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஏறுவாள். நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை இதே வழக்கம். கண்டக்டர்கள் அவளுக்கு 'நடுவழி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும்.

அவளிடம் சில விதிகள் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவனைச் சந்தேகப்படாதே, அவன் நிஜமாகவே வெளியேதான் பார்க்கிறான். கேட்பதற்கு முன்னால் டிக்கெட்டை நீட்டுகிறவனைப் பார். அது நேற்றைய டிக்கெட்டாக இருக்கும், இல்லாவிட்டால் அவன் பக்கத்தில் டிக்கெட் இல்லாத ஓர் ஆள் இருப்பான். மூன்றாவது விதி அவளே போட்டுக்கொண்டது. மேலதிகாரிகளுக்குப் பிடிக்காதது. அவள் வந்து சேர்வதற்குள் தானாக எழுந்து நின்று 'டிக்கெட் எடுக்கலைங்க' என்று சொல்பவருக்கு அபராதம் கிடையாது. கண்டக்டரைக் கூப்பிட்டு டிக்கெட் கொடுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். அப்படி எழுந்து நிற்கிறவர்கள் மிகக் குறைவு என்பாள். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு மரியாதை இருக்கும்.

வீட்டிலும் அவள் நடுவழியில்தான் ஏறுவாள். பரீட்சை எழுதிவிட்டு வந்தவுடன் எதுவும் கேட்க மாட்டாள். சாப்பிட்டு, கை கழுவி, அப்பாடா என்று நான் உட்காரும்போது எதிரே வந்து நின்று கண்ணைப் பார்ப்பாள். நேராக, இமைக்காமல். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அப்பா சிகரெட்டை விட்டார் என்று மாமா சொல்வார். மாமா, அம்மாவின் தம்பி. அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அம்மா போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

நான் பொறியாளர். ஆலைகளில் ஓடும் பம்புகள், பெரிய விசிறிகள் இவற்றின் அதிர்வை அளந்து, உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் எப்போது கெடும் என்று சொல்வது என் வேலை. சீக்கிரம் கழற்றினால் வீண். தாமதித்தால் தண்டும் சேர்ந்து போய்விடும். சரியான நேரம் என்று ஒன்று இருக்கிறது என்று நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அம்மா ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு மழைநாளில் வெளிப்படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். மாடியில் அவள் தனியாக இருந்தாள். கீழே ஒரு தையல்காரர் கடை வைத்திருந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் தையல் இயந்திரத்தின் சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. அவர் டீ குடிக்க வெளியே வரும்வரை அம்மா நனைந்துகொண்டே கிடந்திருக்கிறாள்.

அப்போதுதான் மூத்தோர் குடியிருப்பைப் பற்றி நான் பேச்செடுத்தேன். நகரத்தின் ஓரத்தில், பெரிய சாலையை ஒட்டி இருந்தது. ஆளுக்கொரு அறை, பொதுவான சாப்பாட்டுக்கூடம், மருத்துவர் அறை, சுவர் நெடுகக் கைப்பிடி வைத்த தாழ்வாரங்கள். சேரும்போது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். பிற்பாடு முடியாமல் போனால் கடைசிவரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே முடியாமல் போனவரைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் போகிற நேரம்தான் முக்கியம் என்று பேரிங்கை உதாரணம் காட்டி விளக்கினேன்.

அம்மா என் கண்ணைப் பார்த்தாள்.

"யாரு சொல்லிக்கொடுத்தா உனக்கு?"

"யாரும் சொல்லலம்மா."

"ஓடிக்கிட்டிருக்கிற வண்டிய எதுக்குடி டிப்போல கொண்டுபோய் நிறுத்தணும்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு டிப்போ என்றே பெயர்.

என் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னேன். அதற்கும் மாட்டேன் என்றாள். "உன் வீட்டுல எனக்கு என்ன ரூட் இருக்கு? ஹால்ல இருந்து பால்கனி, பால்கனில இருந்து ஹால். ஷட்டில் சர்வீஸ்." மருமகனோடு அவளுக்கு எந்தச் சண்டையும் இல்லை. எதைக் கேட்டாலும் அவர் சரி என்பது மட்டும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆனால் டிப்போவைப் போய்ச் சோதித்தாள். பார்வையாளர் நேரத்தில் போகவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து பாத்திரம் கழுவும் வேளையில், சமையலறைப் பின்வாசல் வழியாக நுழைந்தாள். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். மெத்தையை அழுத்தினாள். குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்தாள். அங்கிருந்த பெரியவர்களைத் தனித்தனியாகப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டாள். பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு. ஒத்துப்போயின. குறை என்று எதுவும் அகப்படவில்லை.

எனக்கு நிம்மதி. அவளுக்கு இல்லை. வண்டி முழுக்க எல்லோரிடமும் டிக்கெட் இருந்தால் கண்டக்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றாள். நிர்வாகி அதிகமாகச் சிரிக்கிறாராம். வாக்கியத்துக்கு வாக்கியம் 'உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க' என்கிறாராம். "வீடு மாதிரின்னு சொல்றவன் வீட்டு மேலதான் கண்ணு வச்சிருப்பான்." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் மாடியிலேயே இருந்தாள். நான் படிக்கட்டில் சொரசொரப்பான பட்டை ஒட்டிக் கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு ஒருநாள் ஆலையில் இருந்தேன். அம்மா போனில் கூப்பிட்டாள்.

"நான் டிப்போவுக்குப் போறேன். பேசிட்டேன்."

ஏன் என்று கேட்டேன். நீதானே சொன்னாய் என்றாள். இப்போது என்ன அவசரம் என்றேன். நேரம்தான் முக்கியம் என்று நீதானே சொன்னாய் என்றாள். வைத்துவிட்டாள்.

பல மாதம் இரைந்துகொண்டிருந்த இயந்திரம் திடீரென்று அமைதியானால் எங்கள் தொழிலில் யாரும் மகிழ்வதில்லை. அளக்கும் கருவியின் கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்ப்போம். நான் மாமாவைக் கூப்பிட்டேன்.

மாமாவுக்கு உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வீட்டுப் பத்திரம் இருக்கும். கிளம்பி வந்து, அக்காவின் எதிரே உட்கார்ந்து, அந்த நிர்வாகி எதில் கையெழுத்து வாங்கினான் என்று ஆரம்பித்தார். எதிலும் இல்லை என்று அம்மா சொன்னாள். அப்படியானால் இனிமேல்தான் வாங்கப் போகிறான் என்றார். அதுவும் எடுபடாததால், "அக்கா, இந்த வயசுல காதல் கீதல்னு ஏதாச்சும் இருந்தா தம்பிகிட்ட சொல்லிடு" என்றார். அம்மா சிரித்தாள். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே, சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அதைக் கவனித்தேன். அதன் பிறகு எல்லாவற்றையும் கவனிக்கத் தொடங்கினேன்.

கதவைத் தட்டினால் திறந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நிற்பாள். நான் 'அம்மா' என்று கூப்பிட்ட பிறகுதான் 'வா' என்பாள். எந்தக் கோபத்தில் இருக்கிறாளோ என்று நினைத்தேன். பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. காதைப் பார்த்தாள், சில சமயம் நெற்றியை. வாழ்நாள் முழுக்க மனிதர்களின் கண்ணைப் பார்த்தே சம்பாதித்தவள். செய்தித்தாளை நிறுத்திவிட்டாள். கேட்டால், அதில் எல்லாம் பொய் என்றாள். எல்லாவற்றையும்விட, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்திருந்தாள். கேஸை அணைத்துவிட்டேன். மாத்திரை போட்டுவிட்டேன். கதவைப் பூட்டிவிட்டேன். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக டிக்கெட்டை நீட்டுகிற பயணியைப் போல.

நிர்வாகியைப் போய்ப் பார்த்தேன். கையில் எப்போதும் சாவிக்கொத்து வைத்திருக்கும் ஒல்லியான மனிதர். அம்மாவுக்குத் தோட்டத்தைப் பார்த்த அறையைக் கொடுக்க முன்வந்ததாகவும், அவள் அதை வேண்டாமென்று சொல்லி, தரைத்தளத்தில் சாலையோர அறையைக் கேட்டதாகவும் சொன்னார். அந்த அறையை யாருமே எடுப்பதில்லையாம். பஸ் சத்தம். ஒருவரும் எடுக்காத அறையை அம்மாவின் தலையில் கட்டிவிட்டு, அவளே கேட்டாள் என்று கதை கட்டுகிறார் என்று எனக்குப் பட்டது. அவர் சிரித்தார். அம்மா சொன்னது சரிதான், அதிகமாகத்தான் சிரித்தார்.

தையல்காரரிடம் விசாரித்தேன். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். காலையில் அடிக்கடி எங்கேயோ கிளம்பிப் போகிறாள். கடைக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில்தான் ஏறுகிறாள். "வர்ற வண்டில என்ன நம்பர் போட்டிருக்குன்னு என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்றாங்க. பஸ்ஸுலயே வேலை பார்த்தவங்க. என்னை எதுக்கோ சோதிக்கிறாங்கன்னு நினைச்சு, ஒரு தடவை கூட தப்பா சொல்லல." எந்த நம்பர் என்று கேட்டேன். டிப்போவைத் தாண்டிப் போகும் வண்டி.

அங்கே அடிக்கடி போய் என்ன செய்கிறாள்? நேராகக் கேட்டால் சொல்ல மாட்டாள். பின்தொடர்வது என்று முடிவு செய்தேன்.

அவள் ஏறும் நிறுத்தத்தில் நின்றால் மாட்டிக்கொள்வேன். இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு மரத்தின் பின்னால் நின்றேன். நடுவழி. அவளிடம் கற்றதுதான். வண்டி வந்தது. பின்வாசல் வழியாக ஏறினேன். நல்ல கூட்டம். அம்மா முன்பக்கம், பின்னோக்கிப் பார்த்துப் போட்டிருக்கும் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மறைவதற்குள் அவள் தலை திரும்பியது. நேராக என்னைப் பார்த்தாள்.

முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பார்வை என் மேல் இருந்தது. பிறகு நகர்ந்தது. என்ன நடிப்பு என்று நினைத்தேன். எத்தனை ஆயிரம் பேரின் நடிப்பைப் பார்த்தவள், நடிக்கவும் தெரிந்திருக்கும். நான் வந்தது தெரிந்தும் தெரியாதது போல இருந்து, என்னை எங்கே கொண்டுபோய் விடுகிறாள் என்று பார்க்கலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த யோசனையில் டிக்கெட் எடுக்கவில்லை.

இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே வண்டி நின்றது. ஒரு பரிசோதகர் முன்வாசலில் ஏறினார்.

அவர் முதலில் பார்த்தது அம்மாவை. பணிவாகக் குனிந்தார். அம்மாவிடம் வேலை கற்றவர் என்பது அந்தக் குனிதலிலேயே தெரிந்தது. அவர் வாயைத் திறக்கும்வரை அம்மா சும்மா இருந்தாள். 'மேடம்' என்றதும் முகம் மலர்ந்தது.

"யாரு, மீசையா? இன்னும் மீசைய முறுக்கிக்கிட்டுதான் திரியிறியா?"

அவர் மழுமழுவென்றிருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "எடுத்து ரொம்ப நாளாச்சு மேடம். நல்லா பாருங்க."

"பார்த்தேன், பார்த்தேன். சும்மா கேட்டேன்."

மீசை இல்லாதவரிடம் மீசையைப் பற்றிக் கேட்கிறாள். எதற்கு என்று அப்போது தெரியவில்லை. மீசை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். என்னிடம் வந்தார். டிக்கெட் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எடுக்க மறந்துவிட்டேன் என்றேன். நிஜம்தான். ஆனால் அந்த வாக்கியத்தை அம்மா வீட்டில் எத்தனையோ விதமான குரல்களில் நடித்துக் காட்டியிருக்கிறாள். நான் சொன்னபோது அதில் ஒன்று போலவே இருந்தது.

முன்னால் அம்மாவின் தலை சட்டென்று திரும்பியது. முகம் என்னை நோக்கித் திரும்பவில்லை. காது திரும்பியது.

"மீசை," என்றாள் அங்கிருந்தே. "அந்தப் பொண்ணுக்கு ஃபைன் போடு. நீ கேட்ட பிறகுதானே சொன்னா?"

வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அபராதம் கட்டினேன். டிக்கெட் பரிசோதகரின் மகள். மீசைக்கு நான் யாரென்று தெரியாது. ரசீதைக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை எடுத்திடுங்கம்மா என்று கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவு அபராதத்தைவிடச் சுட்டது.

டிப்போ வாசலில் அம்மா இறங்கினாள். நானும் இறங்கினேன். வண்டி போனது.

"எங்க ஏறின?" என்றாள்.

"ரெண்டு ஸ்டாப் தள்ளி. நீ என்னைப் பார்த்தியேம்மா. நேரா பார்த்த."

அவள் சாலையோரச் சிமெண்டுக் கட்டையைக் காலால் தடவி உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நடுவுல தெரியலடி," என்றாள். "எதைப் பார்க்கணும்னு பார்க்கிறேனோ அது தெரியல. ஓரம் தெரியுது. முகத்தைப் பார்த்தா முகம் இருக்காது. காதைப் பார்த்தா முகம் கொஞ்சம் வரும்."

இரண்டு கண்ணிலும் அப்படித்தான். கண்ணாடி போட்டுச் சரியாகிற சமாசாரம் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். ஓரமும் போகுமா என்று கேட்டிருக்கிறாள். அனேகமாக ஓரம் நிற்கும், ஆனால் நடுவில் உள்ள இருட்டு பெரிதாகலாம், எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார். அந்த 'அனேகமாக'வை அம்மா நம்பவில்லை.

அதனால்தான் அங்கே போய்க்கொண்டிருந்தாள். நிர்வாகியிடம் சேர்வதற்கு முன் இடம் பழக வேண்டும் என்று அனுமதி வாங்கி, தாழ்வாரங்களில் நடந்துகொண்டிருந்தாள். அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம், அங்கிருந்து மருத்துவர் அறை, திரும்பி அறை. கைப்பிடி எங்கே முடிகிறது, தரை எங்கே சரிகிறது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும். "கண்ணு இருக்கும்போதே மனப்பாடம் பண்ணிடணும். போன பிறகு புது இடத்துல கத்துக்க முடியாது." சாலையோர அறையும் அதற்காகத்தான். ஜன்னலுக்கு வெளியே பஸ் போகும். எந்தப் பக்கம் ரோடு என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும் என்றாள்.

மாடி வீடுதான் ஏற்கெனவே மனப்பாடமாயிற்றே என்றேன்.

"எனக்கு மனப்பாடம். நான் விழுந்து கிடந்தா யாரு வந்து பார்க்கணும்னு அந்த வீட்டுக்கு மனப்பாடமா?"

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. தெரிந்த விஷயம். சொல்லியிருந்தால் நான் உடனே தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குப் போயிருப்பேன். ஹாலும் பால்கனியும்.

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"யார்கிட்ட?"

"நிர்வாகிகிட்ட."

அவள் சாலையைப் பார்த்தாள். அதாவது சாலைக்குச் சற்று மேலே பார்த்தாள். சொல்லவில்லை. சொன்னால் சேர்க்க மாட்டார்கள். சேரும் நாளில் நிர்வாகி கூடவே நடந்து பார்ப்பார், மூன்று இடத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும், அதை அவள் தூக்கத்திலும் செய்துவிடுவாள். உள்ளே போன பிறகு தெரிந்தால் தெரியட்டும்.

"அப்போ டிக்கெட் இல்லாம ஏறப் போற."

"இப்பதான் ஃபைன் கட்டினவ நீ. நீ பேசாத."

இரண்டு பேரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியது அவள்தான்.

சேரும் நாள் வரை நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் காவல் காத்தோம். நான் நிர்வாகியிடம் சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குச் சந்தேகம். போனில் யாரோடு பேசினாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்து, பாதியில் வெளியே அனுப்புவதற்குக் காரணமாக வைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். மாமாவிடம் கண் விஷயத்தைச் சொன்னேன். கண் தெரியாதவர்களிடம்தான் சுலபமாகக் கையெழுத்து வாங்குவார்கள் என்றார். பிறகு கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. நிர்வாகி முன்னே, அம்மா பக்கத்தில், நான் பின்னால். அம்மா நடந்ததைப் பார்த்தால் அந்தக் கட்டடத்தைக் கட்டியதே அவள்தான் என்று தோன்றும். கைப்பிடியைத் தொடவில்லை. சரிவில் கால் தானாகச் சுருங்கியது. சாப்பாட்டுக்கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே போய் ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். மருத்துவர் அறையின் கதவை அது திறக்கும் பக்கமே திறந்தாள். திரும்பி, சாலையோர அறையின் வாசலில் வந்து நின்றாள். வெளியே ஒரு பஸ் போனது. அவள் முகம் லேசாக அதன் பக்கம் சாய்ந்தது.

நிர்வாகி ஒன்றும் பேசாமல் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவள் முன் நீட்டினார்.

சாவி அவள் முகத்துக்கு நேரே, சரியாக நடுவில் இருந்தது. அவள் கை எழவில்லை. வேண்டுமென்றே செய்கிறாரா, சும்மா நீட்டுகிறாரா, எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. நான் முன்னால் வந்து வாங்கிவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அம்மா கையைப் பின்னால் காட்டி என்னைத் தடுத்தாள். ஓரம் தெரியும் அல்லவா.

"சார், நீங்க எதையோ நீட்டுறீங்க," என்றாள். "எனக்கு நடுவுல தெரியாது. ரெண்டு கண்ணும். இன்னும் மோசமாகலாம்னு சொல்லியிருக்காங்க. நீங்க கேட்கிறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னுதான்."

நிர்வாகி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சாவியைத் திரும்பக் கொத்தில் மாட்டினார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வீடு திரும்பினோம். வீட்டில் பெட்டிகள் கட்டியபடியே கிடந்தன. ஒரு வாரத்துக்கு மேல் எந்தத் தகவலும் வரவில்லை. தெரிந்தே இழுத்தடிக்கிறார் என்றார் மாமா. நானும் அப்படியே நினைத்தேன். இன்னும் சில மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சாவி நீட்டின அந்தக் கையைப் பார்த்தியா நீ? நடுங்குச்சா?"

"இல்ல."

"அப்போ சரி. நடுங்காதவன் பொய் சொல்லிச் சேர்த்துக்க மாட்டான். அதே மாதிரி பொய் சொல்லி விரட்டவும் மாட்டான்."

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நிர்வாகி மாடிக்கு வந்து நின்றார். இப்போதே கிளம்பி வர முடியுமா என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன். மூன்று பேரும் போனோம். சாப்பாட்டுக்கூடத்தில் பாதிச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கூட்டம், பாத்திரச் சத்தம், நாற்காலிகள் தாறுமாறாக. தாழ்வாரத்தில் யாரோ ஒரு வாளியை வைத்திருந்தார்கள். அன்றைக்கு நடந்த அதே வழியில் இப்போது நடக்கச் சொன்னார். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கூட்டம் சேர்ந்த பிறகு, நடுவில்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பெரிய மனுஷியை இப்படிச் சோதிப்பதா என்று வாய் வரை வந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒன்று இருந்தது. வேலைக்குக் கிளம்பும் காலையில் இருக்கும் முகம்.

நடந்தாள். இந்தத் தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வாளியைச் சுற்றிப் போனாள். ஓர் இடத்தில் நாற்காலியின் மேல் இடித்துக்கொண்டு, யாரது வழியை மறித்துக்கொண்டு என்று நாற்காலியை அதட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு அதை இழுத்து ஓரம் போட்டார். அவள் போய்த் திரும்பி வந்தாள். முன்னைப் போல மிடுக்காக இல்லை. ஆனால் வந்தாள்.

விதியில் கண்ணைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை என்றார் நிர்வாகி. தானாகப் போய்வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. அன்றைக்கு அவள் மனப்பாடம் செய்துகொண்டு நடந்தாளா, நிஜமாக நடந்தாளா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த முறை சாவியை அவள் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இவன் ஒழுங்கா செக் பண்றான்டி," என்றாள். "எல்லாரையும் நம்புற ஆள்கிட்ட எப்படித் தங்குறது?"

ஒரு வருஷமாக அந்த இடத்தில் ஏதாவது குறை கண்டுபிடிக்க முயன்றவள், அந்த வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள்.

அங்கே நன்றாகத்தான் இருந்தாள். சாப்பாட்டுக்கூடத்தில் அவளை இடித்த நாற்காலியின் சொந்தக்காரர், கடிகாரம் பழுது பார்த்தவர், அவளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினார். அவர் ராசிபலனில் தன் ராசிக்கு மட்டும் நல்லதாக மாற்றிப் படிக்கிறார் என்று குரலை வைத்தே அவள் கண்டுபிடித்தாள். மாமா பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க மாதாமாதம் வந்து, சாப்பாடு பிடித்துப்போய், பிறகு சாப்பாட்டுக்காகவே வந்தார். பஸ்ஸின் இரைச்சலை வைத்து எந்தத் தடம், நேரத்துக்கு வருகிறதா, கியர் சரியாக விழுகிறதா என்று அம்மா சொல்வாள். அது சரியா என்று சோதித்துப் பார்க்க நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். சில சமயம் தப்பு. சொல்ல மாட்டேன்.

இரண்டாம் ஆண்டு, ஒரு மதியம், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதயம் நின்றுவிட்டது. யாருமே எதிர்பார்க்கவில்லை. இதயத்தைப் பற்றி யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. ஓரப் பார்வை கடைசிவரை இருந்தது. மருத்துவரின் 'அனேகமாக' சரியாகத்தான் இருந்திருக்கிறது.

டிப்போவுக்கு அவசரப்பட்டுப் போய்விட்டாளோ என்று மாமா கேட்டார். கண் அவ்வளவு மோசமாகவில்லையே, இன்னும் கொஞ்ச காலம் அந்த மாடியிலேயே, அவளுடைய வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்றார். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். கழற்றி எடுத்த பேரிங் இன்னும் எவ்வளவு ஓடியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் திரும்ப மாட்டிப் பார்க்க வழியில்லை. எங்கள் தொழிலில் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவ்வளவுதான்.

நேற்று அறையைக் காலி செய்தேன். நிர்வாகி சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்த அறையைக் கேட்டு இப்போது இரண்டு பேர் வந்திருப்பதாகச் சொன்னார். அம்மா எல்லோரிடமும் பஸ் சத்தத்தைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேசியிருக்கிறாள். நிஜமா, ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அம்மாவாக இருந்தால் தெரிந்திருக்கும்.

காரை எடுத்துப் போகவில்லை. அவளுடைய பையோடு பஸ்ஸில் திரும்பினேன். ஏறியவுடன் டிக்கெட் எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். பாதி வழியில் வண்டி நின்றது. மீசை ஏறினார். என்னைப் பார்த்தார். இப்போது அவருக்கு என்னைத் தெரியும், வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனவர். முன்னால் அந்தப் பின்னோக்கிய இருக்கையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீசை என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் டிக்கெட்டை நீட்டவில்லை. கையை மூடி வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன், நேராக.

நின்றார். டிக்கெட் கேட்டார்.

காட்டினேன்.